‘தம்பி’ என்றழைத்து அரைப்பேர் போடுவதா?

ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மே தினக் கூட்டமொன்றுக்குப் பதுளையில் சுவரொட்டி வேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்திய குழுவில் நாமும் இருந்தோம். வீட்டின் முன்னறையில் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு வடிவமைப்பு வேலை செய்யும் ஓர் இளைஞனைத் தேடிச் சென்றோம். அவன் தோட்டத்தில் பிறந்தவன். எம்மவருள் ஒருவரிடம் படித்தவன். அவனுடைய தாய் அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். “தம்பி, நம்ம கூட்டம்தானே, செஞ்சி குடுங்க” என்றோம். அவன் மறுக்கவில்லை. கொடுத்த வாசகத்தை இரவு ஒன்பது மணிக்கு மாற்றினோம். பேச்சாளர் பட்டியல் பத்தரைக்கு மாறியது. யார் பெயர் யார் பெயருக்கு மேலே வரவேண்டும் என்ற சச்சரவு நள்ளிரவு வரை நீடித்தது. விடியற்காலையில் சுவரொட்டி அச்சகத்துக்குச் சென்றது. எட்டு மணிநேர வேலை என்ற கோரிக்கைக்காக 1886இல் சிக்காகோ நகரில் தொழிலாளர் சிந்திய இரத்தத்தின் நினைவு அதன் நடுவே செவ்வெழுத்தில் நின்றது. அதை ஆக்கியவன் அன்று பன்னிரண்டு மணிநேரம் உழைத்திருந்தான்.

அச்சகத்துக்குப் பணம் கொடுத்தோம். பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்தோம். அவனுக்கு மேடையில் நன்றி கூறினோம். அப்போதும் அவன் பெயரைப் பிழையாகவே உச்சரித்தோம்.

உழைப்புக்கு ஊதியம் கேட்கும் கூட்டமே உழைப்பைத் திருடியது என்பதை எந்தச் சித்தாந்தத்தால் மறைப்பது? இக்கட்டுரை முதலில் எம்மை நோக்கியும், பிறகு எம்மைப் போன்ற ஆசிரியர்கள், மாணவர்கள், சங்கத்தார், இலக்கிய அன்பர்கள் அனைவரையும் நோக்கியும் எழுதப்படுகிறது.

*

பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, வெலிமடை, அப்புத்தளை ஆகிய ஊர்களில் இன்று ஒரு புதிய தொழிலாளர் கூட்டம் உருவாகியுள்ளது. இவர்கள் எந்த முதலாளியிடமும் மாதச் சம்பளத்துக்கு நிற்பதில்லை. வருகிறவருக்கு வருகிற வேலையைச் செய்து கொடுத்து வாழ்கிறார்கள். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, தேர்த்திருவிழாத் துண்டுப்பிரசுரம், மரண அறிவித்தல், பிரத்தியேக வகுப்பு விளம்பரம் யாவும் இவர்கள் கைபட்டே வெளிவருகின்றன. தேர்தல் வந்தால் வேட்பாளரின் முகத்தைச் சுருக்கமின்றித் துலக்கித் தருவதும் இவர்களே. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் வெளிநாட்டாரை நம்பி எல்லவில் எழுந்த விடுதிகளுக்குப் பெயர்ப்பலகையும் உணவுப் பட்டியலும் ஆக்கித் தருவோரிலும் இவர்கள் உண்டு.

இவர்களைச் சுதந்திரத் தொழிலாளர் என்கிறோம். அந்தச் சுதந்திரம் எத்தகையது? தொழிலாளி இருவகையில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் எள்ளலோடு விளக்கினார்: தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் ஒன்று, விற்பதற்கு அதைத் தவிர வேறெதுவும் இல்லாத ‘சுதந்திரம்’ மற்றொன்று. எம் இளைஞனுக்கு மூன்றாவதாகவும் ஒன்று வாய்த்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியருக்கு அளித்த சேமலாப நிதி அவனுக்கு இல்லை. அவன் எவருடைய ஊழியனும் அல்லன். நோயுற்றால் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. வேலையை இழந்தால் தொழில் நியாய சபைக்குச் செல்ல வழியில்லை. பாதுகாப்பு அனைத்திலிருந்தும் அவன் விடுதலை பெற்றவன்!

ஆதலால் அவனுக்கும் வேலை கொடுப்பவருக்கும் இடையே உள்ள ஒரே காவல், அவ்விருவரும் செய்துகொள்ளும் உடன்பாடுதான். அந்த உடன்பாடு ஊவாவில் பெரும்பாலும் எப்படிச் செய்யப்படுகிறது? “தம்பி, சின்ன வேலதானே, பத்து நிமிசத்துல முடிச்சிருவீங்க.” முடிந்தது. விலை பேசப்படவில்லை, நாள் குறிக்கப்படவில்லை, எத்தனை முறை திருத்தலாம் என்பது கூறப்படவில்லை. உறவு மட்டும் கூறப்பட்டது.

*

இந்த மலைநாட்டில் வாய்மொழிக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்த எவரும் ‘தம்பி’ என்ற அந்த அழைப்பைக் கேட்டு நிம்மதி கொள்ள மாட்டார்.

எம் முன்னோரைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்துவந்த கங்காணி அந்நியன் அல்லன். பல இடங்களில் அவன் ஊரான், உறவினன், சாதிக்காரன். மாமன் என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்பட்டவன். வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்தவன் அவன். அதைக் கணக்கில் எழுதியவனும் அவனே. அந்தக் கணக்கைக் கூலியாள் ஒருநாளும் வாசித்ததில்லை. அவன் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்பதே துண்டின் பொருள். மனிதன் தன் கடனோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டான். அந்த முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரவேண்டியிருந்தது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி என்பது சட்டத்தில் ஏற 1927 ஆயிற்று. சம்பள நிர்ணயச் சபைகளுக்கான சட்டம் 1941இல் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கையோ ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்று, 2021இல்தான் சம்பள நிர்ணயச் சபை வழியாகச் சட்டமாயிற்று. ஒவ்வொரு படியிலும் நடந்தது ஒன்றே: ஒருவர் கையில் மட்டும் இருந்த கணக்கு இருவர் கண்ணுக்கும் தெரியும் எழுத்தாக மாறியது.

எனினும் ‘பேர்’ போடும் வழக்கம் நின்றபாடில்லை. நாள் முழுவதும் மலையேறிப் பறித்தவளின் கொழுந்து, குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அவளுக்கு அரைப்பேர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தபின் எஞ்சுவதே நிறை. தராசின் முள்ளைப் பார்ப்பவர் ஒருவர். முதுகில் சுமந்தவர் வேறொருவர்.

இப்போது வடிவமைப்பாளனிடம் வருவோம். அழைப்பிதழ் ஒன்றுக்கு நான்கு மாதிரிகள் செய்கிறான். பெண்வீட்டார் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள், கட்டாரில் இருக்கும் அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி அவரிடமும் கேட்கிறார்கள். நிறம் மாறுகிறது, பிள்ளையார் மாறுகிறார், முகூர்த்த நேரமும் மாறுகிறது. ஏழாவது திருத்தத்தின் பின், “நாங்க நெனச்ச மாதிரி வரல்ல, தம்பி, இத வச்சிக்குங்க” என்று பேசாத விலையில் பாதியை நீட்டுகிறார்கள். அரைப்பேர்!

லயத்துத் துயரையும் கணினியின் முன் அமர்ந்திருப்பவனின் துயரையும் நாம் சமப்படுத்துவதாக எவரும் கருத வேண்டாம். அட்டை கடித்த காலும் கண்ணெரிச்சலும் ஒன்றல்ல. கணக்குமுறை ஒன்று என்கிறோம். வேலையின் அளவை ஒரு தரப்பு மட்டும் முடிவு செய்வது, முடிந்தபின் முடிவு செய்வது, உறவின் பெயரால் முடிவு செய்வது: இம்மூன்றும் கங்காணி விட்டுச்சென்ற சொத்து. அதைச் சுவீகரித்துக்கொண்டவர்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிப் படித்தவர்களான நாமும் இருக்கிறோம்.

*

எம்மை மறுப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘சின்ன வேலை’ என்பது முதல் நியாயம். ஒரு மரண அறிவித்தலையே பாருங்கள். வாசகம் கைத்தொலைபேசியில் யுனிகோட் எழுத்தில் வருகிறது. அச்சுக்கு அமைத்த பழைய படிவமோ பாமினி எழுத்துருவில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால் எழுத்துகள் குப்பையாகும். மாற்றியபின் ஒவ்வொரு கொம்பையும் காலையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். சிங்களத்திலும் வேண்டுமென்றால் அம்மொழி அறிந்தவரிடம் ஓட வேண்டும். திரையில் ஒளிரும் நீலம் காகிதத்தில் மங்கும். அதை முன்கூட்டியே அறிந்து நிறம் கலக்க வேண்டும். இறந்தவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அந்தக் குடும்பம் அதை வாழ்நாளெல்லாம் மறவாது. பத்து நிமிடத்தில் முடிவதாகத் தோன்றும் வேலையின் பின்னால் பத்தாண்டுப் பழக்கம் இருக்கிறது. நாற்பது நிமிடப் பாடத்துக்கு நாற்பது நிமிடச் சம்பளம் போதும் என்று எவராவது கூறினால் ஆசிரியர் உலகம் சும்மா இருக்குமா?

‘கலைக்கு விலை பேசலாமா’ என்பது இரண்டாவது நியாயம். இதைக் கூறுவோர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். சோவியத் நாட்டில் 1923 முதல் சில ஆண்டுகள் கவிஞர் மயாகோவ்ஸ்கியும் ஓவியர் ரொட்சென்கோவும் இணைந்து அரசு விற்பனை நிலையங்களுக்கு விளம்பரங்கள் ஆக்கினர். மாவுக்கும் இனிப்புக்கும் வாசகம் எழுதியதால் புரட்சிக் கவிஞன் சிறுமையுற்றதாக அவர் எண்ணவில்லை. அதை வேலை என்றே கொண்டார். வேலையென்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கூலி உண்டு; கலையென்று தலையில் தூக்கிவைத்தால் கூலி இல்லை என்ற தந்திரம் எம்மிடந்தான் செழித்திருக்கிறது.

‘பெயர் கிடைக்கும், அடுத்த வேலை வரும்’ என்பது மூன்றாவது. 1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கரொலின் டேவிட்சன் என்ற மாணவி ஒரு காலணி நிறுவனத்துக்குச் சின்னம் ஒன்றை வரைந்து கொடுத்து 35 டொலர் பெற்றார். அதுவே உலகெங்கும் காணும் நைக்கி நிறுவனத்தின் சின்னம். 1983இல் அந்நிறுவனம் தானாக முன்வந்து அவருக்குப் பங்குகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் கொடுப்பவர் மனமுவந்து கொடுத்ததை உரிமை என்று கூற முடியுமா? தீபாவளிக்குத் துரை கொடுத்த சேலையை எம் பாட்டிமார் சம்பளம் என்று எண்ணிக்கொள்ளவில்லை.

‘எழுத்தில் கேட்பது நம்பிக்கையின்மை’ என்பது நான்காவதும் மிக நயவஞ்சகமானதும் ஆகும். கொடுத்த கடனுக்குச் சீட்டு வாங்குகிறோம். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். மகளின் சீதனத்துக்குச் சாட்சி வைக்கிறோம். அங்கெல்லாம் கெடாத உறவு, வடிவமைப்பாளன் ஒரு தாளை நீட்டியதும் கெட்டுவிடுகிறதாம்! கெடுவது உறவன்று. கடைசி நேரத்தில் விலையைத் தாமே முடிவு செய்யும் வசதியே கெடுகிறது.

*

கூலியோடு மட்டும் இந்த விவகாரம் முடிவதில்லை. தொழிலில் தன் நிபந்தனையைக் கூறமுடியாதவன், தான் வரையும் படத்தைப் பற்றியும் வாய்திறக்க முடியாது. ஊவாவில் இதன் பொருள் என்னவென்று பார்ப்போம்.

1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். படத்தின் வலிமையை நன்கறிந்த வணிகர் அவர். கிளாஸ்கோவில் கடை வைத்த காலத்திலேயே கேலிச்சித்திரக்காரர் ஒருவரைக் கொண்டு புதிது புதிதாக விளம்பரச் சித்திரங்கள் வரைவித்தவர். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம். ‘நேரே’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பறித்தவள், நிறுத்தவன், வாட்டியவன், அரைத்தவன், மூட்டை சுமந்தவன் யாவரும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோயினர். பொதியின் மேலே மட்டும் கூடையோடு ஒரு பெண் புன்னகை செய்தாள். அவளுக்குப் பெயரில்லை, 1949இல் அவளுடைய மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்ட பின்னரும் அதே புன்னகை தேயிலைப் பொதிகளில் தொடர்ந்தது.

இன்று அந்தப் படத்தை வரையும் வேலை அவளுடைய பேரனுக்கே வருகிறது. வெளியூர் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார்: பச்சை மலை, சிவப்புச் சேலை, சிரித்த முகம். வரைபவனுக்கோ தன் தாய் மழையில் படங்கு கட்டிக்கொண்டு மலையேறும் கோலம் தெரியும். “இப்படி வரையலாமே, அவள் கையைக் காட்டலாமே, தோட்டத்தின் பெயரையும் எழுதலாமே” என்று கூற அவனுக்கு அறிவு உண்டு, உரிமை இல்லை. முற்பணமும் எழுத்தும் இல்லாமல் வேலையை ஏற்றவன் மறுத்துப் பேசினால் அந்த மாத வாடகை போய்விடும். 1964இல் லண்டனில் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர் தம் தோழர்களோடு ஓர் அறிக்கை வெளியிட்டார். பூனைத் தீனிக்கும் பற்பசைக்கும் எம் திறமையெல்லாம் செலவாகிறது. கல்விக்கும் பொதுப்பணிக்கும் அதைத் திருப்புவோம் என்பது அதன் சாரம். போற்றத்தக்க அறிக்கை. ஆனால் எதற்கு வரைவது என்று தேர்ந்தெடுக்க, முதலில் வேண்டாம் என்று கூறும் வலிமை வேண்டும். அந்த வலிமையை ஒப்பந்தமும் முற்பணமுமே தரும். மானத்துக்கும் பொருளாதார அடித்தளம் உண்டு.

எம் நாட்டுச் சட்டம் இதில் முற்றாக ஊமையன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியன் தன் வேலையில் ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதலாளிக்குச் சேரும். ஊழியனல்லாதவன் ஆக்கியதோ ஆக்கியவனுக்கே உரியது. அவ்வுரிமை கைமாற வேண்டுமாயின் இரு தரப்பாரும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். இதைப் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. படைத்த கணத்திலேயே உரிமை பிறக்கிறது. ஊவாவில் எத்தனை வடிவமைப்பாளர் இதை அறிவர்? நியூயோர்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ இன்னும் ஒரு படி சென்றது. 800 டொலருக்குக் குறையாத வேலையைச் சுதந்திரத் தொழிலாளியிடம் கொடுப்பவர் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். நாள் குறிக்காவிடின் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இது சாத்தியமென்றால், உழைப்பாளர் பெயரை நாளும் உச்சரிக்கும் எமக்கு என்ன தடை?

*

வடிவமைப்பாளரிடமும் சில வார்த்தை கடிந்து கூறவேண்டியிருக்கிறது. பிறர் எடுத்த புகைப்படத்தை இணையத்திலிருந்து கேளாமல் எடுத்து ஒட்டுபவன், தன் ஆக்கத்தைப் பிறர் திருடுவதாக அழ முடியாது. வெள்ளிக்கிழமை தருவதாகக் கூறித் தொலைபேசியை நிறுத்திவைப்பவன், முற்பணம் கேட்கும் தகுதியை இழக்கிறான். பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம் ரூபாவுக்குச் செய்வதை ஐந்நூறுக்குச் செய்வேன் என்று வாடிக்கையாளரை இழுப்பவன், நாளை இருவரும் முந்நூறுக்கு நிற்கப்போவதை அறியாத மூடன்.

ஒரு தாள் போதும். அது தமிழில் இருக்கட்டும், சிங்கள வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் இருக்கட்டும். செய்யப்போகும் வேலை என்ன, எந்த நாளில் முடியும், எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும், அதற்கு மேற்பட்ட திருத்தத்துக்கு எவ்வளவு, மொத்த விலை என்ன, தொடங்குமுன் அதில் எத்தனை பங்கு, மூலக்கோப்பு யாருக்கு, இடையில் நிறுத்தினால் அதுவரை செய்ததற்கு என்ன கணக்கு என்பன அதில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வாடிக்கையாளர் வாசித்து ஒப்பமிட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். அது இருவரையும் காக்கும். வேலையைத் தொடங்குமுன் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். இதை யார் வாசிப்பார்? எங்கே நின்று வாசிப்பார்? கண்மங்கிய ஓய்வூதியரா, பஸ்ஸில் தொங்கிச் செல்லும் மாணவனா? இக்கேள்விகளைக் கேட்பவனே தொழில்வல்லவன்; கேளாதவன் படம் ஒட்டுபவன்.

ஆனால் தனியொருவன் நீட்டும் தாளை வாடிக்கையாளர் கசக்கி எறியலாம். அடுத்த கடைக்குப் போகலாம். ஆகவே ஊவாவின் வடிவமைப்பாளர் ஒன்றுகூடி ஒரு பொதுவான ஒப்பந்தப் படிவத்தையும் ஒரு குறைந்தபட்ச விலைப்பட்டியலையும் வகுக்க வேண்டும். இது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1940இல் பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, அச்சபையோடு கலந்துபேசத் தோட்டத் துரையை இணங்கவைத்தனர். அதன்பின் கடும் அடக்குமுறை வந்தது உண்மை. ஆயினும் தராசின் முள்ளை இரு தரப்பும் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்கார ஆட்சியின் நடுவிலே எழுதப்படிக்க வாய்ப்பற்றிருந்தவர்கள் கேட்டுப் பெற்றார்கள். கணினி அறிந்த பேரப்பிள்ளைகளால் அது முடியாதா?

அப்படிவத்தில் முதலில் ஒப்பமிட வேண்டியவர்கள் நாமே. பாடசாலை மலரின் அட்டையைப் பழைய மாணவனிடம் இனாமாக வாங்கும் அதிபர்களே, பிரத்தியேக வகுப்பு விளம்பரத்துக்கு ‘அடுத்த மாசம் பார்ப்போம்’ என்று கூறும் ஆசிரியர்களே, நூல் வெளியீட்டு மேடையில் அட்டைப்படத்தைப் புகழ்ந்துவிட்டு அதை ஆக்கியவனுக்கு இரண்டு பிரதிகளை மட்டும் நீட்டும் எழுத்தாளர்களே, உங்களோடு சேர்ந்து நாமும் இக்கடனைத் தீர்க்க வேண்டும். பணமில்லாத அமைப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. பணமில்லையென்றால் முன்னரே கூறிக் கேளுங்கள். விரும்பி அளிக்கும் உழைப்பு தோழமை. கேளாமல் எடுத்துக்கொள்வது சுரண்டல்.

அந்த மே தினம் கழிந்து நெடுநாள் சென்றபின், மனம் உறுத்தவே, பணத்தை எடுத்துக்கொண்டு அவ்விளைஞனிடம் போனோம். அவன் வாங்க மறுத்தான். நாம் வற்புறுத்தியபோது திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: “அது போகட்டும் சேர். அடுத்த முற வேல தாறதுக்கு முந்தியே எழுதித் தாங்க.”

அடுத்த மே தினம் வரும். சுவரொட்டி ஒட்டப்படும். ஒட்டுமுன் அந்த எழுத்தை அவன் கையில் கொடுத்தோமா என்று வாசகர்கள் எம்மைக் கேட்க வேண்டும். எம்மைக் கேட்டபின் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.